சந்திர சூரியர் உள்ளவரை: சருகணி, ஓரியூர் பயணம்

தவக்காலத்தில் காரைக்குடியிலிருந்து, புனித அருளானந்தர் உயிர்நீத்த ஓரியூருக்குப் போகும்போது தேவகோட்டையைத் தாண்டியதும் திருவாடானைச் சாலையைப் பிடிப்பதே எங்கள் குடும்பத்தாரின் வழக்கம். இந்த முறை, லெவே சாமியார் கல்லறையில் ஒரு மெழுகுவத்தி ஏற்ற வேண்டும் என்று அத்தை சொன்னதால், சருகணி வழியாகச் சுற்றிக்கொண்டு சென்றோம்.

வழிநெடுகப் பூட்டிய வீடுகள். பர்மாத் தேக்குத் தூண்களும் ஆத்தங்குடிக் கல் பதித்த தளமுமாகத் தலைமுறைகளுக்கென்று கட்டிய வீடுகளில் பல, பங்காளிகள் ஒன்றுகூடும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் மட்டுமே திறக்கின்றன. கடவுளுக்கு ஓர் இல்லம் கட்ட விரும்பிய இஸ்ரயேலின் தாவீது அரசரிடம் இறைவாக்கினர் நாத்தான் வந்து, நீ எனக்குக் கட்ட வேண்டாம், நானே உனக்கு ஒரு வீட்டை எழுப்புவேன், உன் வழித்தோன்றலின் அரியணை என்றும் நிலைக்கும் என்று ஆண்டவரின் வாக்கை அறிவித்த விவிலியத்தின் 2 சாமுவேல் 7ஆம் அதிகாரத்தை, இந்தத் தெருக்களைப் பார்த்துக்கொண்டே வாசிப்பது தனி அனுபவம்.

சருகணி ஆலயத்தின் தேரோட்டத்துக்கு மருது சகோதரர்கள் மானியம் விட்டதை ஊரார் இன்றும் பெருமையாகச் சொல்கிறார்கள். கொடுத்தவர்களை 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் ஆங்கிலேயர் தூக்கிலிட்டனர். நம் அரசர்கள் கோயிலுக்குத் தானம் எழுதும்போது, அது ‘சந்திராதித்தவரை’ செல்லும் என்று கல்லில் வெட்டச் செய்தார்கள். நிலவும் கதிரவனும் இருக்கின்றன. வெட்டச் சொன்ன பாண்டியரும் சோழரும் எப்போதோ போய்விட்டார்கள். 89ஆம் திருப்பாடலிலும் இதே உறுதிமொழிதான் இருக்கிறது. தாவீதின் அரியணை கதிரவனைப்போல் நிலைக்கும், நிலவைப்போல் என்றும் நிற்கும் என்று அங்கே வாக்களிப்பவர் கடவுள். ஆகவே அது பொய்த்தால், அரச வம்சம் ஒன்று அழிந்ததோடு விஷயம் முடிந்துவிடாது.

பார்வைக்கு அது பொய்த்தது என்பதுதான் உண்மை. கி.மு. 6ஆம் நூற்றாண்டில் பாபிலோனியர் எருசலேமைத் தரைமட்டமாக்கி, தாவீது வம்சத்தின் கடைசி அரசன் செதேக்கியாவின் கண்ணெதிரே அவன் மகன்களைக் கொன்று, பிறகு அவன் கண்களையும் பிடுங்கி, விலங்கிட்டு இழுத்துச் சென்றனர். மறையுரைகளில் 89ஆம் திருப்பாடலைப் பெரும்பாலும் 37ஆம் வசனத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. அடுத்த வசனத்திலிருந்தே, உம் ஊழியனோடு செய்த உடன்படிக்கையை முறித்துவிட்டீரே, மணிமுடியை மண்ணில் தள்ளிவிட்டீரே என்று பாடல் கடவுளிடமே வழக்காடத் தொடங்குகிறது. அந்த வழக்கைக் கேளாதவருக்கு நற்செய்தியின் முதல் பக்கமே வெறும் பெயர்ப்பட்டியலாகிவிடும். தாவீதிலிருந்து பாபிலோன் சிறைவாசம் வரை, அதிலிருந்து கிறிஸ்து வரை என்று மத்தேயு தலைமுறைகளை எண்ணுவது அந்த வழக்குக்குப் பதில் சொல்லத்தான். தாவீதின் மரம் செழிக்கும் என்று இறைவாக்கினர் எசாயா சொல்லவில்லை. தாவீதின் தந்தை ஈசாயின் அடிமரத்திலிருந்து ஒரு தளிர் வரும் என்றார். மரம் வெட்டுப்பட்ட பிறகே அடிமரம் தெரியும். அரச குலத்தின் வாரிசு நாசரேத்தில் ஒரு தச்சரின் வீட்டில் வளர்ந்ததை நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

லெவே சாமியார் பிரான்சு நாட்டில் பிறந்து, இந்த வறண்ட சீமையிலேயே உழைத்து, 1973இல் இறந்தவர். அவருடைய கல்லறைமேல் அன்று காலை வைத்த மல்லிகைச் சரம் வெயிலில் வாடத் தொடங்கியிருந்தது. ஒரு பெண் தன் குழந்தையின் உள்ளங்கையைக் கல்மேல் பதித்துப் பிடித்திருந்தார். தூய ஆவி இறங்கிய பெந்தக்கோஸ்து நாளில் இயேசுவின் சீடர் பேதுரு தம் வாதத்தைத் தொடங்கியதும் ஒரு கல்லறையிலிருந்துதான். தாவீது இறந்து அடக்கம் செய்யப்பட்டார், அவருடைய கல்லறை இந்நாள்வரை நம்மிடையே இருக்கிறது என்று எருசலேம் மக்களுக்கு நினைவூட்டிவிட்டு, ஆகவே கடவுள் அவருக்கு ஆணையிட்டுச் சொன்னது உயிர்த்தெழுந்த மெசியாவை, அதாவது வாக்களிக்கப்பட்ட அரசரான இயேசுவைப் பற்றியே என்று முடிவுக்கு வருகிறார். சாகிற அரசர்கள் எத்தனை பேர் வரிசையாக வந்தாலும் ‘என்றென்றும்’ என்ற சொல்லை நிரப்ப முடியாது. இனிச் சாகாத ஓர் அரசர் போதும். கிறிஸ்தவ விசுவாசம் நிற்பது இந்த இடத்தில்தான். தாவீதின் மகனுக்காக இன்னும் காத்திருக்கும் யூத மக்கள் இதை ஏற்பதில்லை. ஆனாலும் அந்த வாக்குறுதியை நமக்காகக் காத்து வைத்தவர்கள் அவர்களே.

ஓரியூரை அடைந்தபோது உச்சிவெயில். லிஸ்பனில் பிறந்து போர்ச்சுகல் அரண்மனையில் இளவரசருக்குத் தோழராக வளர்ந்த மறைபரப்பாளர் அருளானந்தர், பின்னாளில் அந்நாட்டு மன்னர் தம்மோடு நிறுத்திக்கொள்ள விரும்பியும் இருக்க மனமின்றி மறவர் நாட்டுக்கே திரும்பினார். மறவர் நாட்டுத் தலைவர்களில் ஒருவரான தடியத்தேவர் திருமுழுக்குப் பெற்று ஒரு மனைவியைத் தவிர மற்றவர்களை விலக்கியபோது, விலக்கப்பட்டவர்களில் இராமநாதபுரம் மன்னர் சேதுபதியின் உறவினரும் இருந்ததால் அரண்மனைச் சினம் மூண்டது. 1693 பிப்ரவரி 4 அன்று பாம்பாற்றங்கரையில் அருளானந்தரின் தலை வெட்டப்பட்டது. அவர் இரத்தத்தால் சிவந்ததாக நம்பப்படும் மண்ணைச் சாதி சமய வேறுபாடின்றி எல்லாரும் அள்ளி, முந்தானையில் முடிந்துகொள்கிறார்கள்.

திருப்பலியில் ‘உமது ஆட்சி வருக’ என்று செபித்து முடித்ததும் அத்தை என் காதருகே குனிந்து கேட்டார்: “அவருதான் ராசான்னு ஆயிப்போச்சுல்ல? பெறகு எதுக்குப்பா இன்னும் வருக, வருகன்னு வேண்டுறோம்?”

வெளியே வேப்பமர நிழலில் உட்கார்ந்து 110ஆம் திருப்பாடலை எடுத்துக் காட்டினேன். பகைவரைக் கால்மணையாக்கும் வரை என் வலப்பக்கம் அமரும் என்று அந்த அரசரிடம் ஆண்டவர் சொல்கிறார். கிறிஸ்து அமர்ந்தாயிற்று, அந்த ‘வரை’ இன்னும் முடியவில்லை. கடைசிப் பகைவன் சாவு என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதுகிறார்.

“அப்ப இன்னும் சண்டை நடக்குதுன்னு சொல்லு” என்றார் அத்தை. ஆமாம் என்றேன்.