கேஷை அழியுங்கள் என்று சொல்லி நானே கெடுத்த கதை

சுமார் 40 பேர் கொண்ட வாசிப்புக் குழு எங்களுடையது. ஒருவரிடம் இருக்கும் புத்தகத்தை மற்றவர் இரவல் வாங்கிப் படிப்போம். எந்தப் புத்தகம் இப்போது யார் கையில் இருக்கிறது என்று பார்க்க நான் எழுதிய ஒரு சின்ன வலைச் செயலி உண்டு. இரண்டு வருடத்துக்கு மேல் தொந்தரவு இல்லாமல் ஓடியது. தொந்தரவு இல்லை என்று நான்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், அது வேறு விஷயம்.

ஒரு நாள் காலையில் குழுவில் மூத்தவரான அக்கா ஒருவர் அழைத்தார். "தம்பி, பட்டியலைத் திறந்தா வெறும் வெள்ளையா வருது." பிழைச் செய்தி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். எதுவும் இல்லை. சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டம் கூட இல்லை, சுத்தமான வெள்ளை. முந்தைய இரவுதான் ஒரு புதுப்பிப்பு ஏற்றியிருந்தேன், அதுவும் தேதி காட்டும் விதத்தில் ஒரு சின்ன மாற்றம், அவ்வளவுதான். என் கணினியில் திறந்தேன், வந்தது. என் ஃபோனில் திறந்தேன், அதிலும் வந்தது. சரி, அக்காவின் ஃபோனில்தான் ஏதோ கோளாறு என்று முடிவு கட்டி, எல்லோரும் சொல்வதையே நானும் சொன்னேன்: "கேஷை அழிச்சுட்டுத் திறந்து பாருங்கக்கா."

கேஷ் என்பது, அடுத்த முறை சீக்கிரம் திறக்க பிரவுசர் எடுத்து வைத்துக்கொள்ளும் நகல்கள். அழித்தார். வெள்ளை போகவில்லை. அதற்குள் இன்னொருவரும் அதையே சொல்ல, நான் குழுவில் பொதுவாகவே ஒரு செய்தி போட்டேன், செயலி சரியாக வராவிட்டால் பிரவுசர் கேஷை அழித்துவிடுங்கள் என்று. மாலைக்குள் இரண்டு புகார் ஒன்பது ஆனது.

இரண்டு ஏன் ஒன்பது ஆனது என்று அப்போதே ஒரு நிமிடம் உட்கார்ந்து யோசித்திருந்தால் அன்று இரவு தூங்கியிருப்பேன். நானோ சர்வர் படுத்துக்கொண்டிருக்கிறது என்று பயந்து, வட்டில் இடம் இருக்கிறதா, நினைவகம் நிரம்பிவிட்டதா, பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதி ஆகிவிட்டதா என்று இரண்டு மணி நேரம் துழாவினேன். எல்லாம் நன்றாகவே இருந்தன. சர்வர் தன் வேலைகளைக் குறித்துவைக்கும் லாக் கோப்பில் ஒரு பிழை கூட இல்லை, வரிசையாக 200, 200, 200. சர்வரின் பாஷையில் 200 என்றால் கேட்டதைக் கொடுத்துவிட்டேன் என்று பொருள். அதை அப்படியே நம்பினேன்.

பிரவுசர் தன் பிழைகளை எழுதிக் காட்டும் இடம் கன்சோல், ஃபோனில் அதைத் திறந்து பார்க்கச் சொல்ல முடியாது. நல்லவேளையாக அந்த ஒன்பது பேரில் ஒரு நண்பர் மடிக்கணினியில் பார்க்கிறவர். வீடியோ அழைப்பில் திரையைப் பகிரச் சொல்லி, டெவலப்பர் கருவியைத் திறக்க எஃப்12 அழுத்தச் சொன்னேன். கன்சோலில் ஒரே ஒரு சிவப்பு வரி: எதிர்பாராத குறி, அந்தக் குறி ஒரு கோண அடைப்புக்குறி (<), இடம் முதல் வரியின் முதல் எழுத்து. இந்த வரியை முன்பு பார்த்திருப்பவர்கள் இங்கேயே சிரித்திருப்பார்கள். செயலியை இயக்கும் நிரலான ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு எதுவும் சாதாரணமாகக் கோண அடைப்புக்குறியில் தொடங்காது. பக்கத்தின் கட்டமைப்பை எழுதும் ஹெச்டிஎம்எல் பக்கம்தான் அப்படித் தொடங்கும். அதாவது பிரவுசர் ஜாவாஸ்கிரிப்ட் கேட்டிருக்கிறது, கைக்கு வந்ததோ ஒரு ஹெச்டிஎம்எல் பக்கம், அதைப் படிக்க முயன்று முதல் எழுத்திலேயே தடுக்கி விழுந்திருக்கிறது.

அதே கருவியில், வந்த கோப்புகளைப் பட்டியலிடும் நெட்வொர்க் டேபுக்குப் போனோம். பிரதான ஜாவாஸ்கிரிப்ட் கோப்பின் எதிரே பச்சையாக 200. ஆனால் அளவைப் பார்த்தால் 2 கேபி கூட இல்லை. அந்தக் கோப்பு 400 கேபிக்கு மேல் இருக்க வேண்டும். வரியைச் சொடுக்கி உள்ளே வந்திருப்பதைப் பார்த்தால் எங்கள் முகப்புப் பக்கம் அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

இதற்குக் காரணம் சர்வரில் நானே எழுதி வைத்த ஒரு விதி. ஒரே பக்கத்தில் இயங்கும் செயலிகளுக்கு இது வழக்கம்தான், எந்த முகவரியைக் கேட்டாலும் அந்தப் பெயரில் கோப்பு இல்லையென்றால் முகப்புப் பக்கத்தைக் கொடு, மிச்சத்தை ஜாவாஸ்கிரிப்ட் பார்த்துக்கொள்ளும் என்று. எஞ்சின்எக்ஸ் என்ற சர்வர் மென்பொருள் வைத்திருப்பவர்கள் ட்ரை ஃபைல்ஸ் என்று எழுதுவார்களே, அதே வரி. நான் அதைப் பக்க முகவரிகளுக்கு மட்டும் என்று நிறுத்தாமல் எல்லாவற்றுக்கும் போட்டுவிட்டேன். விளைவு, காணாமல் போன ஜாவாஸ்கிரிப்ட் கோப்பைக் கேட்டாலும் இல்லை என்று 404 சொல்லாமல், சர்வர் மரியாதையாக முகப்புப் பக்கத்தை நீட்டி 200 என்று எழுதிக்கொள்கிறது. இரண்டு மணி நேரம் லாக்கைப் பார்த்தவன் அளவுப் பத்தியைப் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும்.

சரி, கோப்பு ஏன் காணாமல் போனது? எங்கள் பிரதானக் கோப்பின் பெயரில், உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட சில எழுத்துகள் ஒட்டியிருக்கும். உள்ளே ஒரு எழுத்து மாறினாலும் பெயர் மாறிவிடும். அதனால் பிரவுசரிடம் இதை ஒரு வருடம் வைத்துக்கொள் என்று தைரியமாகச் சொல்லலாம். நண்பரின் பிரவுசர் கேட்டது பழைய பெயரை. முன்பெல்லாம் புதிய கோப்புகளைப் பழையவற்றின் மேலேயே கையால் நகலெடுத்துப் போடுவேன், அதனால் பழைய பெயர்களும் சர்வரில் குப்பையாகக் கிடந்தன. இந்த முறை ஒழுங்காகச் செய்வோமே என்று ஒரு ஸ்கிரிப்ட் எழுதி, கோப்புறையை முழுக்கத் துடைத்துவிட்டுப் புதியதை ஏற்றினேன். சுத்தம் சோறு போடும் என்பார்கள், எனக்குப் போடவில்லை.

ஆனால் பழைய பெயரை ஏன் கேட்க வேண்டும்? முகப்புப் பக்கம் புதியது, அதில் புதிய பெயர்தானே இருக்கிறது? பழைய சேமிப்பு எதுவும் இல்லாத இன்காக்னிட்டோ ஜன்னலில் திறக்கச் சொன்னேன், அழகாக வந்தது. சாதாரண ஜன்னலில் ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ரீலோட் செய்யச் சொன்னேன், வந்தது! இருவரும் சந்தோஷப்பட்டு, அவர் சாதாரணமாக ஒரு முறை ரீலோட் செய்ய, மறுபடி வெள்ளை. டெவலப்பர் கருவியில் கேஷை முடக்கும் பெட்டியை டிக் செய்து பார்த்தோம், அப்போதும் வெள்ளை. கேஷே வேண்டாம் என்று சொல்லியும் பழையது வருகிறது என்றால் அது கேஷிலிருந்து வரவில்லை. அப்போதுதான் முகப்புப் பக்கத்தின் வரியில் அளவு இருக்க வேண்டிய இடத்தில் எண் இல்லாமல் சர்வீஸ் வொர்க்கர் என்று எழுதியிருந்ததைக் கவனித்தேன்.

வயிற்றில் ஏதோ செய்தது. இரண்டு வருடத்துக்கு முன், நெட் இல்லாதபோதும் செயலி திறக்க வேண்டும் என்ற ஆசையில், ஒரு மதியம் 30 வரியில் ஒரு சர்வீஸ் வொர்க்கர் எழுதிப் போட்டு மறந்தே போயிருந்தேன். அது பிரவுசருக்குள்ளேயே பக்கத்துக்கும் சர்வருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, யார் எதைக் கேட்டாலும் முதலில் தன்னிடம் இருக்கிறதா என்று பார்க்கும். நான் அதனிடம் சேமிக்கச் சொன்னது முகப்புப் பக்கத்தை மட்டும். சேமித்தது இருந்தால் அதையே கொடு, சர்வரிடம் போகாதே என்றும் சொல்லியிருந்தேன். அதன் பிறகு அந்தக் கோப்பை நான் தொடவே இல்லை. சர்வீஸ் வொர்க்கர் கோப்பில் ஒரு பைட்டாவது மாறியிருந்தால்தான் பிரவுசர் புதியதை நிறுவும். மாறவில்லை, ஆகவே ஒவ்வொருவரிடமும் அவர்கள் முதன்முதலில் திறந்த நாளின் முகப்புப் பக்கம் அப்படியே உறைந்து கிடந்திருக்கிறது. இத்தனை நாளாக நான் ஏற்றிய புதுப்பிப்புகள் பெரும்பாலானவர்களுக்குப் போய்ச் சேரவே இல்லை! "தேடும் பெட்டி எனக்கு மட்டும் இல்லையே தம்பி" என்று அக்கா சில மாதங்களுக்கு முன் சொன்னது நினைவுக்கு வந்தது, நான் அப்போது சரியாகப் பாருங்கக்கா, மேலேதான் இருக்கும் என்றேன். என் கணினியில் வந்தது, எப்போதும் டெவலப்பர் கருவியைத் திறந்து சர்வீஸ் வொர்க்கரைத் தாண்டிப் போகும் பெட்டியை டிக் செய்தே வேலை பார்ப்பதால். என் ஃபோனில் வந்ததோ பழைய வடிவம்தான். வருகிறதா என்று மட்டும்தானே பார்த்தேன், என்ன வருகிறது என்று பார்க்கவில்லை.

இரண்டு ஒன்பதானதற்கும் இங்கேதான் விடை. பிரவுசருக்குள் அலமாரி இரண்டு. வழக்கமான கேஷ் ஒன்று, அதில் ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு இருந்தது. சர்வீஸ் வொர்க்கரின் சேமிப்பு இன்னொன்று, அதில் முகப்புப் பக்கம் இருந்தது. இரண்டும் பழையவை, ஒன்றுக்கொன்று பொருத்தமானவை, அதனால் சர்வரில் கோப்பு அழிந்த பிறகும் பெரும்பாலானவர்களுக்குப் பழைய செயலி நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. ஃபோனில் இடம் குறைந்து பிரவுசர் தானாகவே கோப்பைத் தூக்கி எறிந்திருந்த ஓரிருவருக்குத்தான் முதலில் வெள்ளை. அப்புறம் நான் வந்து எல்லோரையும் கேஷை அழிக்கச் சொன்னேன். குரோமில் படங்களும் கோப்புகளும் என்ற தேர்வு முதல் அலமாரியை மட்டும்தான் காலி செய்யும், சர்வீஸ் வொர்க்கரின் சேமிப்பு போக வேண்டுமானால் குக்கீகளும் தளத் தரவும் என்பதையும் சேர்த்து அழிக்க வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட் போய்விட்டது, பழைய முகப்புப் பக்கம் தங்கிவிட்டது. ஏழு பேருக்கு நன்றாக ஓடிக்கொண்டிருந்ததை வாயாலேயே கெடுத்திருக்கிறேன்.

தளத் தரவையும் அழிக்கச் சொல்லியிருந்தால் அன்றே முடிந்திருக்கும்தான். ஆனால் சிலர் எழுதி இன்னும் அனுப்பாத புத்தகக் குறிப்புகள் அதே தளத் தரவில் இருந்தன, அவையும் சேர்ந்து போய்விடும். இன்னொரு முறை குழுவில் யோசிக்காமல் செய்தி போட எனக்குத் தைரியம் இல்லை.

முதலுதவியாக, பழைய கோப்புகளைக் காப்பு நகலிலிருந்து எடுத்து சர்வரில் திரும்பப் போட்டேன். ஐந்து நிமிடத்தில் ஒன்பது பேருக்கும் செயலி வந்துவிட்டது, பழையதுதான், இருந்தாலும் வந்துவிட்டது. அப்புறம் நிதானமாக அந்த வொர்க்கரைத் துரத்தும் வேலை. சர்வரிலிருந்து கோப்பை அழித்துவிட்டால் போய்விடும் என்றுதான் முதலில் நினைத்தேன். போகாது. புதிய கோப்பைக் கேட்டு 404 வந்தால் பிரவுசர் அந்த முயற்சியைக் கைவிட்டுவிட்டு ஏற்கெனவே இருக்கும் வொர்க்கரையே வைத்துக்கொள்ளும். என் சர்வரோ அதற்கும் முகப்புப் பக்கத்தைத்தான் நீட்டும், ஹெச்டிஎம்எல் வகையில் வந்தால் அதையும் பிரவுசர் ஏற்காது.

ஆகவே அதே முகவரியில், அதே பெயரில், தன்னையே முடித்துக்கொள்ளும் ஒரு வொர்க்கரை வைக்க வேண்டும். நிறுவப்படும்போது காத்திருக்காமல் உடனே பொறுப்பேற்கச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பழையதைப் பயன்படுத்தும் டேப்கள் எல்லாம் மூடப்படும்வரை அது வரிசையில் நிற்கும். பொறுப்பேற்றதும் தன் சேமிப்பை எல்லாம் அழித்து, தன் பதிவை நீக்கிக்கொண்டு, திறந்திருக்கும் பக்கங்களை ஒரு முறை ரீலோட் செய்யும். கோரிக்கைகளை இடைமறிக்கும் வரியே இருக்கக்கூடாது. மொத்தம் பதினைந்து வரிதான். புதிய முகப்புப் பக்கத்தில் வொர்க்கரைப் பதிவு செய்யும் வரியையும் எடுத்துவிட்டேன். இதில் நல்ல விஷயம் என்னவென்றால், பக்கம் வெள்ளையாகச் செத்துக் கிடந்தாலும் பரவாயில்லை, ஒவ்வொரு முறை தளத்துக்குப் போகும்போதும் வொர்க்கர் கோப்பு மாறியிருக்கிறதா என்று பிரவுசர் தானே போய்ப் பார்க்கும், நம் ஜாவாஸ்கிரிப்ட் ஓட வேண்டிய அவசியமே இல்லை. அனுப்பாத குறிப்புகள் இருந்தது வேறு சேமிப்பில், வொர்க்கர் அதைத் தொடாது.

ஏற்றிவிட்டு நண்பரைத் திறக்கச் சொன்னேன். பழைய பக்கம் ஒரு கணம் தெரிந்து, தானாகவே ஒரு துள்ளு துள்ளி, புதியது வந்தது. இருவரும் சில நொடிகள் பேசவே இல்லை. குறிப்புகள் அப்படியே இருந்தன.

அடுத்த நாள் ஒருவருக்கு மட்டும், யாரிடம் புத்தகம் இருக்கிறது என்று காட்டும் பக்கம் திறக்கவில்லை. இந்த முறை நான் எதையும் அழிக்கச் சொல்லவில்லை, நேராக நெட்வொர்க் டேப். கோரிக்கை சர்வருக்கே வரவில்லை, பிரவுசர் பக்கத்திலேயே தடுக்கப்பட்டது என்று எழுதியிருந்தது. அந்தப் பக்கத்தின் கோப்புக்கு நான் ட்ராக்கர் என்று பெயர் வைத்திருந்தேன், அவருடைய விளம்பரத் தடுப்பு நீட்சி அந்தப் பெயரைக் கண்டதும் வேவு பார்க்கும் நிரல் என்று நினைத்து வாசலிலேயே நிறுத்திவிட்டது. அதன்மேல் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. பெயரை மாற்றினேன், இரண்டு நிமிட வேலை.

அந்த வாரம் சர்வரில் சிலவற்றைத் திருத்தினேன். முகப்புப் பக்கத்தை நீட்டும் விதி இனிமேல் பக்க முகவரிகளுக்கு மட்டும், ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு இல்லையென்றால் ஒழுங்காக 404. பெயரில் எழுத்து ஒட்டிய கோப்புகளை பிரவுசர் வைத்துக்கொள்ளும் காலம் 31536000 விநாடி, அதாவது ஒரு வருடம். முகப்புப் பக்கத்துக்கு நோ-கேஷ். இந்தப் பெயர் பலரை ஏமாற்றும், என்னையும் பல நாள் ஏமாற்றியது. சேமிக்காதே என்று அதற்குப் பொருளில்லை, சேமித்துக்கொள், ஆனால் ஒவ்வொரு முறையும் என்னிடம் கேட்டுவிட்டுப் பயன்படுத்து என்றுதான் பொருள். சேமிக்கவே கூடாது என்றால் அது நோ-ஸ்டோர். பழைய கோப்புகளை உடனே துடைக்காமல் இரண்டு மாதம் விட்டு வைக்கும்படி ஸ்கிரிப்டையும் மாற்றினேன். முகப்புப் பக்கத்தின் உள்ளேயே நான்கு வரி சேர்த்தேன், பத்து விநாடிக்குள் செயலி தொடங்காவிட்டால் ஏதோ தவறாகிவிட்டது, எனக்குச் சொல்லுங்கள் என்று காட்டும்.

அக்கா இரண்டு நாள் கழித்து அழைத்தார். வெள்ளைப் பக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "தம்பி, தேடும் பெட்டி வந்துடுச்சு. நீ சொன்ன மாதிரி மேலதான் இருக்கு."