டேடா, டாயியா?

அகமதாபாத்துக்கு முதல் தடவை பிசினஸ் விஷயமா போறப்ப நான் போட்ட கணக்கு ரொம்ப சிம்பிள். குஜராத்ல மதுவிலக்கு, 1960ல மாநிலம் பிரிஞ்சதுல இருந்தே அப்படித்தான், பார் இல்லாத ஊர்ல ஹோட்டல்ல என்ன பெரிய சத்தம் இருந்துடப் போவுது, எங்க வேணா உக்காந்து பேசிக்கலாம்னு. சனிக்கிழமை ராத்திரி எட்டரைக்கு டேபிள் புக் பண்ணிட்டேன். போட்டோல பாத்தா சூப்பரா இருந்துச்சு, சுத்தியும் கண்ணாடி, தரை பளபளன்னு கிரானைட், மேல சீலிங் அடிக்காம பைப்பெல்லாம் தெரியற மாதிரி இப்ப ஃபேஷன்னு விட்டுடறாங்கல்ல, அந்த மாதிரி. இந்த மூணும் சத்தத்த உறிஞ்சாம திருப்பி அடிக்கும், அதுதான் எனக்கு எமன்னு அப்ப தெரியல.

நாங்க கோயமுத்தூர்ல பம்புக்கு ஸ்பேர்ஸ் பண்ற சின்ன யூனிட். அங்க ஓடவ், நரோடா, வட்வா பக்கம் பம்பு, மோட்டார் கம்பெனிங்க நெறைய, அதுல ஒரு பார்ட்டிகிட்ட முதல் ஆர்டர் பேசத்தான் போயிருந்தேன். பெரியவரும் அவர் பையனும் வந்தாங்க. பெரியவருக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராது, எனக்கு இந்தி டிரெயின்ல கத்துக்கிட்ட இந்தி. ரெண்டு பேருமே இரவல் பாஷைல பேசற மாதிரிதான்.

உள்ள போனா எல்லாம் குடும்பம் குடும்பமா. வீக்கெண்ட்ல அந்த ஊரே வெளிய சாப்பிடத்தான் கிளம்பும் போல. ஒரு டேபிள்ல பர்த்டே கேக்கு, வெயிட்டருங்க கை தட்டி பாடறாங்க, முடிஞ்சா அடுத்த டேபிள்ல இன்னொரு கேக்கு. சும்மா போன்ல டெசிபல் ஆப் போட்டு பாத்தேன், 80க்கு கீழ இறங்கவே இல்ல. சாதாரணமா நாம பேசறது 60 பக்கம்தான். சத்தம் ஏறினா நம்ம குரலும் தன்னால ஏறும், பக்கத்து டேபிள்காரனும் ஏத்துவான், அப்படியே ஹாலே ஏறும். இதுக்கு லம்பார்ட் எஃபெக்ட்னு பேரு, லம்பார்ட்னு ஒரு பிரெஞ்சு டாக்டர் 1911ல எழுதி வச்சது. எங்கூர் பக்கம் சோமனூர்ல தறி ஓட்டறவங்க வீட்டுக்கு வந்தும் கத்திதான் பேசுவாங்க, அவங்களுக்கு இதெல்லாம் டாக்டர் சொல்லித் தெரிய வேண்டியதில்ல.

அந்த சத்தத்துலதான் பேமெண்ட் பேச்சு வந்துச்சு. பெரியவர் என்னமோ "மஹினா"ன்னாரு. என் காதுல "டேட் மஹினா"ன்னு விழுந்துச்சு, அதாவது ஒன்றரை மாசம், 45 நாள். பரவால்லயேன்னு தலையாட்டிட்டேன். ஊருக்கு வந்து ஒரு வாரத்துல பர்ச்சேஸ் ஆர்டர் வருது, கிரெடிட் 75 நாள்னு போட்டு. அவர் சொன்னது "டாயி", ரெண்டரை. எம்எஸ்எம்இ சட்டப்படி எங்கள மாதிரி சின்ன யூனிட்டுக்கு 45 நாளுக்குள்ள குடுத்தாகணும், ஆனா தலையாட்டிட்டு வந்தவன் புதுப் பார்ட்டிகிட்ட முதல் ஆர்டர்லயே சட்டத்த நீட்ட முடியுமா, வாய மூடிட்டு சரக்க அனுப்பி வச்சேன்.

அத விட மோசம் இன்னொண்ணு. அன்னைக்கு பெரியவர் ஒரு வாய் சாப்பிடல. தண்ணி டம்ளரக் கூட தொடல. உடம்பு சரியில்லயோன்னு நினைச்சேன், கிளம்பும்போதுதான் பையன் சொன்னாரு, அப்பா ஜெயின், பொழுது சாஞ்சா எதுவும் எடுத்துக்க மாட்டாரு, நீங்க கூப்ட்டீங்கன்னு வந்தாருன்னு. ரெண்டு மணி நேரம் காலித் தட்டு முன்னாடி சிரிச்ச மொகமா உக்காந்திருக்காரு மனுசன். எனக்கு அப்படியே கூசிப்போச்சு.

அடுத்த தடவை டிசம்பர்ல போனப்ப ஒரு நாள் முன்னாடியே போய்ட்டேன். மொதல்ல நல்ல குஜராத்தி தாளி கடையா பாக்கலாம்னு நினைச்சு, தனியா போய் சாப்ட்டுப் பாத்தேன். சாப்பாடு அட்டகாசம், அதுல குறையே சொல்ல முடியாது, ஆனா நிமிசத்துக்கு ஒருத்தர் வராங்க, ரொட்லி ஒருத்தர், மோர்க்குழம்பு மாதிரி கடி ஒருத்தர், ஃபர்சாண்னு நொறுக்குத் தீனி ஒருத்தர், வேணாம்னு கைய மறிச்சாலும் ஒண்ணு வச்சிட்டுத்தான் போறாங்க. இதுக்கு நடுவுல ரேட்டு எப்படிங்க பேசறது, "கிலோவுக்கு"ன்னு ஆரம்பிச்சா நெய்ய ஊத்திட்டு போவாங்க.

அப்புறம் நாலஞ்சு ரெஸ்டாரண்டுக்கு போன் போட்டேன். டேபிள் இருக்கான்னு கேக்கற சாக்குல பின்னாடி என்ன சத்தம் வருதுன்னு கேட்டேன், நாம போற நேரத்துக்கே போன் பண்ணணும், மத்தியானம் மூணு மணிக்கு பண்ணா எல்லா கடையும் கோயில் மாதிரிதான் இருக்கும். ஒரு எடத்துல "லைவ் கஜல் இருக்கு சார்"னு பெருமையா சொன்னாங்க, அப்பவே வச்சுட்டேன். பெரியவருக்காக ஆறு மணிக்குள்ள சாப்ட்டு முடிக்கணும், ஆனா பாதி கடை ஏழுக்குத்தான் டின்னரே தொறக்கறாங்க. கடைசில மாட்டுனது ஒரு பழைய ஹோட்டலோட காபி ஷாப். கார்ப்பெட் கொஞ்சம் நைஞ்சு போயிருந்துச்சு, ஜன்னலுக்கெல்லாம் கனமான பர்தா, மேசைல துணி, குஷன் வச்ச பெரிய பெரிய சேரு. இன்ஸ்டாகிராம்ல எவனும் போட்டோ போட மாட்டான். கிச்சன் கதவுக்கு தள்ளி மூலை டேபிள் ஒண்ணு சொல்லி வச்சேன், ஜெயின் சமையல்னும் சொல்லிட்டேன், வெங்காயம் பூண்டு உருளைக்கிழங்கு எதுவும் கூடாதுன்னு நான் வெளக்க ஆரம்பிச்சா, அந்த ஊர்ல அத வெளக்கவே வேண்டியதில்ல, மேனேஜர் சிரிக்கறாரு.

நாலே முக்காலுக்கு உக்காந்தோம். எங்க மூணு பேர விட்டா வேற ஆளே இல்ல, ஏசி ஓடற சத்தம் மட்டும்தான். பெரியவர் நிதானமா சாப்ட்டாரு, ரெண்டு தடவை பன்னீர் கேட்டு வாங்கிக்கிட்டாரு. பேமெண்ட் பேச்சு வந்தப்ப நான் டிஷ்யூ பேப்பர்ல 45ன்னு எழுதி தள்ளி வச்சேன். பாத்துட்டு கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் "டேட்"னாரு. இந்த தடவை தெளிவா கேட்டுச்சு, இருந்தாலும் டிஷ்யூவ மடிச்சு பர்சுல வச்சுக்கிட்டேன். வெளிய வெளிச்சம் மங்கறத பாத்துட்டு தண்ணிய முழுசா குடிச்சு டம்ளர கவுத்து வச்சாரு.

ராத்திரி பத்தரைக்கு சின்னவர் போன் பண்ணி வாங்க மாணேக் சவுக் போலாம்னாரு. அவருக்கு அப்பா அளவுக்கு கட்டுப்பாடு இல்ல போல. பகல்ல நகைக்கடை வீதி, ராத்திரியானா ரோடு பூரா சாப்பாட்டுக் கடை, தவால கரண்டி அடிக்கற சத்தம், ஆர்டர் கத்தற சத்தம், பைக்கு ஹார்னு. குவாலியர் தோசைன்னு ஒண்ணு வாங்கிக் குடுத்தாரு, வெண்ணெயும் சீஸும் காயும் கல்லு மேலயே கொட்டி மசிச்சு. கோயமுத்தூர்க்காரருக்கு நம்ம தோசை எப்படி இருக்குன்னு கத்திக் கேட்டாரு. சட்னி எங்கங்கன்னு நானும் கத்தினேன். அவருக்கு காதுல விழல, நல்லாருக்குன்னு சொல்றேன்னு நினைச்சு இன்னொண்ணு சொல்லிட்டாரு.