செம்பனைக்குள் போகும் வண்டி: சுங்கை சிப்புட் நாட்குறிப்பு

5 ஜனவரி 2026, திங்கள்

கிரேப் போன்ற வாடகைக் கார் ஆப்களில் இருக்கும் பாதுகாப்பு வசதிகள் நகரத்தை மனத்தில் வைத்துச் செய்தவை. அங்கே வீட்டு எண் உண்டு, தெருவிளக்கு உண்டு, போனில் அலை உண்டு. ஒரு வண்டியில் ஏறப் பிடிக்கவில்லை என்றால் இன்னொன்று சீக்கிரம் வந்துவிடும். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் நம் சுங்கை சிப்புட் டவுனுக்குள் இது ஓரளவு பொருந்தும். தோட்டத்துப் பக்கம் திரும்பி, இரண்டு பக்கமும் செம்பனை (எண்ணெய்ப்பனை) மூடிக்கொண்ட பிறகு எதுவும் பொருந்தாது. இரவு ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள், ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிறவர்கள், இ.டி.எஸ். மின்சார ரயிலில் வந்து இறங்கித் தோட்டத்துக்குப் போகும் கல்லூரிப் பிள்ளைகள், இவர்களுக்காகத்தான் இந்தக் குறிப்புகள்.

முதல் சிக்கல் ஏறும் இடம். தோட்டத்துக்கு ஒரே பெயர், உள்ளே இரண்டு மூன்று டிவிஷன். பெயரைத் தட்டினால் வரைபடம் ஆபீசையோ எண்ணெய் ஆலையையோ காட்டும். ஓட்டுநர் அங்கே போய் நிற்பார், நீங்கள் இன்னொரு டிவிஷனில் நிற்பீர்கள். போன் பாதியில் அறுந்துபோகும். கடைசியில் "சிம்பாங்கில் நிற்கிறேன், நடந்து வாங்க" என்பார் (சிம்பாங் என்றால் தோட்டப் பாதை பிரியும் சந்திப்பு). பயணம் தொடங்கும் முன்பே, இருட்டில் தனியாக நடக்கும் அந்தத் தூரம்தான் பெரிய ஆபத்து.

பகலில், அலை கிடைக்கும் நேரத்தில், நீங்கள் வழக்கமாக ஏறும் இடத்தில் போய் நின்று புள்ளியைக் கையால் நகர்த்தி ஆப்பில் சேமியுங்கள். தோட்டத்துக்குள் ஒன்று, பெரிய ரோட்டில் ஒன்று, இரண்டு போதும். கோயில் முன்புறம், தமிழ்ப்பள்ளி கேட், கார்ட் போஸ்ட் மாதிரி ஆள் நடமாட்டமும் விளக்கும் உள்ள இடமாகப் பாருங்கள். "டெப்பான் போஸ்ட் பெங்காவால், டிவிஷன் 2" (கார்ட் போஸ்ட் முன்னால், டிவிஷன் 2) என்ற ஒரு வரியை மலாயில் எழுதி போனில் வைத்துக்கொண்டால், புக் ஆனதும் ஓட்டுநருக்கு அனுப்பிவிடலாம். வண்டி வந்து நிற்கும்வரை கோயில் வாசலையோ கார்ட் பக்கத்தையோ விட்டு நகர வேண்டாம். உள்ளே வர ஓட்டுநர் மறுத்தால் அவரே ரத்து செய்யட்டும். நீங்கள் நடந்து போகாதீர்கள்.

9 ஜனவரி, வெள்ளி

நம் பக்கம் ஓடுகிற வண்டிகளில் முக்கால்வாசி பெசா, ஆக்சியா, மைவி, சாகா. நிறமும் வெள்ளை, வெள்ளி, சாம்பல் என்று ஒன்றுபோலத்தான் இருக்கும். நிறத்தை வைத்தோ மாடலை வைத்தோ ஏறுவது கண்ணை மூடிக்கொண்டு ஏறுவதற்குச் சமம். நம்பர் பிளேட்டை முழுசாகப் படியுங்கள். பேராக்கில் பதிந்த வண்டி எல்லாம் 'ஏ' எழுத்தில்தான் தொடங்கும். அதனால் முதல் எழுத்து ஒத்துப்போனதில் ஒரு பயனும் இல்லை. அடுத்த எழுத்துகளும் எண்களும் ஒத்துப்போக வேண்டும்.

"நீங்க ரவியா?" என்று கேட்டால் யாரும் ஆமாம் என்று சொல்லிவிடலாம். "யாரை ஏத்த வந்தீங்க அண்ணே?" என்று கேளுங்கள். புக் செய்தவர் பெயர் ஓட்டுநரின் திரையில் இருக்கும். அதை அவர் வாயால் சொல்லட்டும். மலாய்க்காரர் என்றால் "அம்பில் சியாப்பா, பாங்?" போதும்.

படத்தில் இருப்பவர் ஒருவர், ஓட்டுகிறவர் இன்னொருவர் என்றால் ஏறாதீர்கள். "அண்ணனுக்கு உடம்பு சரியில்லை, நான் ஓட்டுறேன்" என்பது காரணமாகாது. 2019 ஜூலையிலிருந்து மலேசியாவில் இ-ஹெய்லிங் (ஆப் வழி வாடகைக் கார்) ஓட்டுநருக்கு பி.எஸ்.வி. உரிமம் (கூலிக்குப் பயணிகளை ஏற்றும் வண்டியை ஓட்டும் உரிமம்) கட்டாயம். அதற்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும், மருத்துவப் பரிசோதனை, குற்றப் பதிவுச் சோதனை, வகுப்பு எல்லாம் முடித்திருக்க வேண்டும். அண்ணன் இவற்றைத் தாண்டியவர், தம்பி தாண்டாதவர். ஆப்பில் ரத்து செய்யும்போது காரணமாக 'ஓட்டுநர் வேறு ஆள்' என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

13 ஜனவரி, செவ்வாய்

உட்காரும் இடம்: பின்சீட்டில் இடது பக்கம். நம் வண்டிகளில் ஓட்டுநர் வலப்பக்கம் இருப்பதால் அவர் கைக்கு எட்டாத மூலை அதுதான். இறங்கும்போதும் ரோட்டோரமாக இறங்கலாம்.

ஏறும்போது, திறந்த கதவின் விளிம்பைப் பாருங்கள். பூட்டுக் கொக்கிக்குப் பக்கத்தில் விரல்நகம் அளவுக்கு ஒரு நெம்பு அல்லது சாவி நுழைக்கும் பிளவு இருக்கும். அதுதான் சைல்டு லாக். அதைப் போட்டுவிட்டால் பின்கதவை உள்ளிருந்து திறக்க முடியாது, வெளியே உள்ள கைப்பிடியால்தான் திறக்கும். பல ஓட்டுநர்கள் சொந்தப் பிள்ளைகளுக்காகப் போட்டதை எடுக்க மறந்திருப்பார்கள். அதில் கெட்ட எண்ணம் இருக்கவேண்டும் என்பதில்லை. "அண்ணே, சைல்டு லாக்கை எடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டு ஏறுங்கள். ஏறியதும் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். ஓட்டுநர் பக்கத்து சுவிட்சில் பின்கண்ணாடிகள் பூட்டியிருந்தால் இறங்காது, அதையும் விடச் சொல்லுங்கள். கண்ணாடி இறங்கினால் கையை வெளியே விட்டு வெளிக் கைப்பிடியால் கதவைத் திறக்கலாம்.

வண்டி நகர்ந்ததும் 'டக்' என்று நாலு கதவும் பூட்டிக்கொண்டால் பயப்பட வேண்டாம். சில மாடல்களில் வேகம் கூடியதும் தானாகவே பூட்டும்.

17 ஜனவரி, சனி

தோட்டத்தில் அதிகமாக நடப்பதும் குறைவாகப் பேசப்படுவதும் இதுதான்: ஆப் இல்லாத பயணம். ஒரு தடவை கிரேப்பில் வந்த ஓட்டுநர் "அடுத்த தடவை நேரா எனக்கே போன் பண்ணுங்க, வெல குறைச்சுத் தர்றேன்" என்று நம்பர் கொடுப்பார். உள்ளே வர வேறு வண்டி கிடைக்காத இடத்தில் இது பெரிய உதவியாகத் தெரியும். மாமியாருக்கு டயாலிசிஸ், பிள்ளைக்கு டியூஷன் என்று அதே வண்டி ஓட ஆரம்பித்துவிடும். பெரும்பாலும் நல்ல மனிதர்கள்தான். ஆனாலும் அந்தப் பயணம் எங்கேயும் பதிவில் இல்லை. எத்தனை மணிக்கு ஏறினீர்கள், எந்த ரோட்டில் போனது, வண்டி எங்கே நின்றது என்று சொல்ல ஒரு கணினியும் கிடையாது. ஆப்பின் அவசர பட்டன் வேலை செய்யாது. சாதாரண சொந்தக் கார் காப்புறுதி, கூலிக்கு ஆள் ஏற்றுவதை உள்ளடக்காது. இ-ஹெய்லிங் காப்புறுதி எடுத்திருந்தாலும் ஆப்புக்கு வெளியே ஓடிய ஓட்டத்துக்கு அதை நம்பி இருக்க முடியாது. விபத்து நடந்தால் மருத்துவச் செலவு உங்கள் தலையில் விழலாம்.

இன்னொரு வகையும் உண்டு. ஆப்பில் புக் ஆனதும் "ரத்து பண்ணிடுங்க சிஸ்டர், கேஷா குடுங்க" என்று கேட்பது. ரத்து செய்த நொடியே நீங்கள் முன்பின் தெரியாத ஒருவரின் சொந்தக் காரில் உட்கார்ந்திருக்கிறீர்கள். தோட்டத்துக்குள் வர இரண்டு மூன்று ரிங்கிட் கூட வேண்டும் என்றால் பயணத்தை ஆப்பில் ஓடவிட்டு, அந்தத் தொகையை ஆப் அரட்டையிலேயே ஒப்புக்கொண்டு தனியாகக் கொடுங்கள். ரத்து மட்டும் வேண்டாம்.

வேறு வழியே இல்லாமல் பழக்கப்பட்ட வண்டியைக் கூப்பிடுகிறவர்கள் குறைந்தது இதையாவது செய்யுங்கள். ஏறும் முன் பிளேட்டைப் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்புங்கள். வாட்சாப்பில் நேரலை இருப்பிடத்தை 1 மணி நேரத்துக்குப் போடுங்கள் (15 நிமிடம், 1 மணி, 8 மணி என்று மூன்று தேர்வு இருக்கும், 15 நிமிடம் தோட்டப் பயணத்துக்குப் போதாது). அனுப்பிவிட்டதை ஓட்டுநர் காதில் விழும்படி சொல்லுங்கள். "நம்ம ஆளு, தப்பா நினைச்சுக்குவார்" என்று தயங்காதீர்கள். நல்ல மனிதர் இதற்கெல்லாம் கோபப்பட மாட்டார்.

22 ஜனவரி, வியாழன்

பயணத்தைப் பகிரும் இணைப்பு எப்போது தோற்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். ஜி.பி.எஸ். அலை இல்லாமலும் ஓடும், ஆனால் அதை வீட்டுக்கு அனுப்ப இணையம் வேண்டும். செம்பனைக்குள் நுழைந்ததும் வீட்டில் பார்ப்பவர் திரையில் வண்டி சிம்பாங்கிலேயே உறைந்து நிற்கும். பத்து நிமிடம் அசையாவிட்டால் அவருக்குப் பதற்றம். நாளடைவில் அதுவே பழகி, உண்மையான ஆபத்து வரும்போதும் "அலை இல்லை போல" என்று இருந்துவிடுவார். அதனால் அலை அறும் இடத்துக்கு முன்பே ஒரு செய்தி அனுப்புங்கள்: பிளேட், ஓட்டுநர் பெயர், "9.40க்குள் வீடு வருவேன்". அந்த நேரம் தாண்டிப் பத்து நிமிடம் ஆனால் யார், யாரை அழைப்பது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்.

உங்கள் சிம் கம்பெனியின் அலை இல்லாவிட்டாலும் வேறு கம்பெனியின் அலை இருந்தால் 999 அல்லது 112 போகும். எந்த அலையுமே இல்லாத பள்ளத்தில் எதுவும் போகாது. எந்தத் திருப்பத்தில் அலை போகிறது, எங்கே திரும்ப வருகிறது என்று உங்கள் பாதையில் ஒரு தடவை பார்த்து வையுங்கள்.

999 எடுப்பவர் முதலில் போலீசா, ஆம்புலன்சா, தீயணைப்பா என்றுதான் கேட்பார். அப்புறம் இடம். "சுங்கை சிப்புட்" என்றால் போதாது. தோட்டத்தின் பெயர், டிவிஷன், கடைசியாகப் பார்த்த பள்ளி, கோயில் அல்லது கிலோமீட்டர் கல் என்று சொல்லுங்கள். மலாய் தடுமாறினால் இந்த ஒரு வரியை மனப்பாடம் செய்யுங்கள்: "போலிஸ், தோலோங், சாயா டாலாம் கெரெத்தா, பெமாண்டு தாக் மாவு பெர்ஹெந்தி." (போலீஸ், உதவுங்கள், நான் காருக்குள் இருக்கிறேன், ஓட்டுநர் நிறுத்த மாட்டேன் என்கிறார்.) அடுத்து பிளேட் எண்.

பல போன்களில் பக்கவாட்டுப் பட்டனை வேகமாக 5 தடவை அழுத்தினால் அவசர அழைப்பு தொடங்கும். அமைப்புகளில் போய் அது இயங்குகிறதா, அவசரத் தொடர்பாக யார் எண் இருக்கிறது என்று பாருங்கள். ஆப்பின் பாதுகாப்புப் பக்கத்திலும் அந்த எண்ணை முன்கூட்டியே சேர்க்க வேண்டும். காலியாக விட்டால் உங்கள் இருப்பிடம் வீட்டுக்குப் போகாது.

25 ஜனவரி, ஞாயிறு

அப்பா தன் போனிலிருந்து மகளுக்குப் புக் செய்வது இங்கே சாதாரணம். அப்போது பிளேட், படம், வரைபடம் எல்லாம் அப்பாவின் கையில், பிள்ளை கையில் ஒன்றுமில்லை. ஓட்டுநர் வழி கேட்டாலும் அப்பாவைத்தான் அழைப்பார். திரையைப் படம் பிடித்து மகளுக்கு அனுப்பி, ஓட்டுநர் எந்தப் பெயரைச் சொல்வார் என்றும் அவளிடம் சொல்லிவையுங்கள். அவள் சரிபார்த்த பிறகே ஏறட்டும்.

30 ஜனவரி, வெள்ளி

ஞாயிற்றுக்கிழமை தைப்பூசம். ஈப்போ கல்லுமலை முருகன் கோயிலுக்குப் போகிறவர்கள் இரவெல்லாம் இருந்து விடியற்காலையில் திரும்புவார்கள். கோயில் இருக்கும் குனோங் செரோ பக்கம் ரோடு அடைப்பு இருக்கும், வண்டி கோயில் வாசலுக்கு வராது. கட்டணமும் ஏறியிருக்கும். அந்த நேரம் பார்த்துத்தான் "சுங்கை சிப்புட்டா? வாங்க, ஆப்பை விட கம்மி" என்று ஆட்கள் கூப்பிடுவார்கள். ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தூரம், பாதிக்கு மேல் இருட்டு. பதிவில்லாத காரில் இந்தத் தூரம் வேண்டவே வேண்டாம்.

நெரிசலுக்கு வெளியே, திறந்திருக்கும் பெட்ரோல் நிலையமோ ஓட்டலோ பார்த்து நாலு பேராக நடந்து போய் அங்கிருந்து புக் செய்யுங்கள். ஒரே தோட்டத்துக்குப் போகிறவர்கள் கோயிலிலேயே பேசிச் சேர்ந்துகொள்ளுங்கள். கடைசியாக இறங்குகிறவர் தனி ஆளாகாதபடி வரிசையை அமையுங்கள். படமும் வீடியோவும் எடுத்து போன் காலியாகிப் போவது வருடாவருடம் நடக்கிறது. பவர்பேங்க் ஒருவர் கையிலாவது இருக்கட்டும்.

3 பிப்ரவரி, செவ்வாய்

ஏதாவது நடந்துவிட்டால்.

ஓட்டுநர் அசிங்கமாகப் பேசினார், "தனியாவா இருக்கீங்க" என்று திரும்பத் திரும்பக் கேட்டார், கண்ணாடியில் பார்த்துச் சைகை செய்தார். இதையெல்லாம் சின்ன விஷயம் என்று வீட்டிலேயே அமுக்குவார்கள். பெண்ணின் மானத்தை இழிவுபடுத்தும் நோக்கத்தோடு சொல்லும் சொல்லும் சைகையும் குற்றவியல் சட்டம் 509ஆம் பிரிவில் குற்றம், 5 ஆண்டு வரை சிறை உண்டு. மானபங்க எண்ணத்தோடு தொட்டால் 354ஆம் பிரிவு, 10 ஆண்டு வரை. பின்தொடர்ந்து வந்து தொல்லை கொடுப்பது 2023இலிருந்து 507ஏ பிரிவில் தனிக் குற்றம்.

வண்டியை விட்டு இறங்கியதும் முதல் வேலை, பயண வரலாற்றைத் திறந்து புக்கிங் எண், பிளேட், பெயர், நேரம், அரட்டை எல்லாம் தெரியும்படி திரையைப் படம் பிடிப்பது. அவர் சொன்ன வார்த்தைகளை அப்படியே, எந்த இடம் தாண்டும்போது சொன்னார் என்பதோடு அன்றைக்கே எழுதுங்கள். இரண்டு நாள் கழித்து எழுதினால் வரிசை மாறிப்போகும், அந்த ஓட்டையைத்தான் எதிர்த்தரப்பு தோண்டும். ஆப்பில் ஒலிப்பதிவு போட்டிருந்தால் உடனே புகார் செய்யுங்கள், பதிவு ரொம்ப நாள் இருக்காது. ஒரு நட்சத்திரம் மட்டும் கொடுத்துவிட்டு நிற்காதீர்கள். அன்று இரவு அந்தத் தோட்டத்துக்கு ஏறிய ஒரே பயணி நீங்கள் என்றால் யார் கொடுத்தது என்று அவருக்குத் தெரிந்துவிடும், நடவடிக்கையும் இருக்காது. உதவிப் பக்கத்தில் பாதுகாப்புப் புகாராகவே எழுதுங்கள்.

ஓட்டுநரின் முழு விவரத்தை நிறுவனம் உங்களிடம் தராது, போலீஸ் கேட்டால் தரும். அதனால் போலீஸ் புகார் முக்கியம். எந்த பாலாயிலும் (போலீஸ் நிலையத்திலும்) கொடுக்கலாம். உள்ளூரில் முகம் தெரிந்தவர்கள் இருப்பார்கள் என்று கூச்சமாக இருந்தால் ஈப்போவிலோ கோலக்கங்சாரிலோ கொடுங்கள். பாலியல், பெண்கள், குழந்தைகள் வழக்குகளை விசாரிப்பது போலீசின் டி11 பிரிவு. பெண் அதிகாரி வேண்டும் என்று கேளுங்கள். கையெழுத்துப் போடும் முன் எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள், நகல் வாங்காமல் வராதீர்கள்.

உடல் ரீதியாகத் தாக்கப்பட்டிருந்தால் குளிக்காமல், உடை மாற்றாமல் அரசாங்க ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போய் ஓ.எஸ்.சி.சி. (தாக்கப்பட்டவர்களுக்கான உதவி மையம்) என்று சொன்னால் போதும். எல்லோர் முன்னிலும் விளக்க வேண்டியதில்லை. போலீஸ் புகார் இல்லாமலும் சிகிச்சை கிடைக்கும். கர்ப்பத் தடுப்பு மருந்துக்கும் எச்.ஐ.வி. தடுப்பு மருந்துக்கும் 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

நீதிமன்றம் வேண்டாம், ஆனால் பதில் வேண்டும் என்பவர்களுக்கு 2022ஆம் ஆண்டுப் பாலியல் தொல்லை எதிர்ப்புச் சட்டத்தின் கீழ் தீர்ப்பாயம் இருக்கிறது. 2024 மார்ச்சிலிருந்து இயங்குகிறது. பொதுவாக வக்கீல் இல்லாமல் நீங்களே பேசலாம், விசாரணை மூடிய அறையில். இழப்பீடு 2,50,000 ரிங்கிட் வரை. பேச ஆள் வேண்டும் என்றால் தாலியான் காசே உதவித் தொலைபேசி 15999, 24 மணி நேரமும்.

7 பிப்ரவரி, சனி

ஓட்டுகிற பெண்களைப் பற்றி இதுவரை எழுதவில்லை. நம் டவுனில் பிள்ளையைப் பள்ளியில் விட்ட பிறகு கிரேப் ஓட்டும் அம்மாக்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஆபத்து முன்சீட்டில் வந்து உட்காரும். முன்சீட்டில் பை, குடை எதையாவது வைத்து, "பின்னால உட்காருங்க அங்கள்" என்று பழக்கிவிடுங்கள். ஏறும்வரை கதவு பூட்டியே இருக்கட்டும், கண்ணாடியை நாலு விரல் இறக்கிப் பெயரைக் கேளுங்கள். புக் செய்தவர் பெயர் பெண் பெயர், ஏறுவது குடித்த இரண்டு ஆண்கள் என்றால் ரத்து செய்து நகருங்கள். தோட்டத்துக்குள் இறக்கிவிட்டுத் திரும்பும் வெறும் வண்டிதான் அதிக ஆபத்தானது. உள்ளே போகும்போதே வண்டியைத் திருப்ப இடம் எங்கே, ஆலை லாரி எந்தப் பக்கம் வரும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். இறக்கும்போது என்ஜினை அணைக்காதீர்கள். முன்னும் உள்ளும் பதியும் டேஷ்கேம் போட்டு, பதிவாகிறது என்று ஒரு தாளில் எழுதிப் பின்சீட்டுக்கு எதிரே ஒட்டுங்கள். இரவு பத்துக்கு மேல் டவுனை விட்டு உள்ளே போகும் ஓட்டம் வந்தால், எடுக்கும் முன் வீட்டில் ஒருவருக்கு இடத்தைச் சொல்லிவிட்டு எடுங்கள்.