மூடிக்குள் ஒரு எண்

ஜூன் 7

பட்டறையில் இன்றுதான் முதல் நாள். பழைய பிளாஸ்டிக்கை உருக்கி, அச்சில் அழுத்தி, ஏதாவது ஒரு பொருளைக் கையோடு எடுத்துப் போகலாம் என்று வந்திருந்தேன். பட்டறையை நடத்தும் அக்கா இரண்டு சாக்கு பாட்டில் மூடிகளைத் தரையில் கொட்டி, "முதல்ல இதைப் பிரிங்க" என்றார். நிறம் பார்த்துப் பிரிக்கணுமா என்று கேட்டேன். "எண் பார்த்து" என்றார்.

மூடியைக் கவிழ்த்து வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் உள்ளே கடுகளவில் ஒரு முக்கோணம் தெரிகிறது. அதில் 2 இருந்தால் எச்.டி.பி.இ., அதாவது அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலீன்; 5 இருந்தால் பாலிபுரொப்பிலீன், இங்கே எல்லோரும் சொல்வது பி.பி. பாட்டிலின் அடியில் பார்த்தால் 1, அது பெட். ஒரே பாட்டிலில் உடல் ஒரு பிளாஸ்டிக், மூடி வேறு பிளாஸ்டிக்! இந்த எண்களை 1988இல் அமெரிக்க பிளாஸ்டிக் தொழில் சங்கம் கொண்டுவந்ததாம். 1 முதல் 7 வரை.

சில மூடிகளின் உள்ளே மெத்து மெத்தென்று ஒரு வட்டம் ஒட்டியிருக்கிறது. அதுவும் வேறு பிளாஸ்டிக்தான். கத்தி முனையை விளிம்பில் கொடுத்து நெம்பினால் சுருண்டு வருகிறது, இல்லையென்றால் பாதியில் அறுந்துவிடுகிறது. எண்ணே இல்லாத மூடிகளைத் தனி வாளியில் போட்டோம். மாலைக்குள் ஒரு சாக்குகூட முடியவில்லை.

ஜூன் 8

கழுவல் மட்டும். பசை, சிறு துணுக்குக் காகிதம், காய்ந்த பால்.

ஜூன் 14

இன்று ஷ்ரெட்டர், மூடிகளைத் துருவும் இயந்திரம். இதன் வரைபடம் பிரஷஸ் பிளாஸ்டிக் என்ற திட்டத்திலிருந்து எடுத்தது. நெதர்லாந்தைச் சேர்ந்த டேவ் ஹாக்கன்ஸ் 2013இல் தொடங்கியது. துருவும் இயந்திரம், உருக்கிப் பிழியும் இயந்திரம், அச்சில் செலுத்துவது, அழுத்துவது என்று நான்கு இயந்திரங்களின் வரைபடங்களையும் யார் வேண்டுமானாலும் எடுத்துச் செய்துகொள்ளலாம் என்று பொதுவில் வைத்துவிட்டார்கள். வெல்டிங் தெரிந்த ஒருவர் இருந்தால் போதும், ஒரு தெருவே சேர்ந்து பட்டறை தொடங்கிவிடலாம். இந்தத் தாராளம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

மூடிகள் உள்ளே போய் விரல் நகம் அளவு சில்லுகளாக விழுகின்றன. சத்தம் காதைப் பிளக்கிறது. அடியில் நுண்ணிய தூளும் சேர்கிறது. அதைக் கூட்டி டப்பாவில் அடைக்கிறோம், கழுவிய தண்ணீரையும் துணியில் வடிகட்டித்தான் கொட்டுகிறோம். குப்பையைக் குறைக்க வந்துவிட்டு நுண்பிளாஸ்டிக்கைச் சாக்கடையில் விடக்கூடாது என்பதில் அக்கா ரொம்பக் கண்டிப்பு.

ஜூன் 15

என் முதல் பலகை! தட்டு அச்சில் சில்லுகளைப் பரப்பி, ஓவனில் 180 டிகிரி, பிறகு இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவே திருகி இறுக்கி ஆறவிட்டோம். (சமையலுக்கு இனி ஒருநாளும் பயன்படாத, பட்டறைக்கே ஒதுக்கிய ஓவன். சன்னல் எல்லாம் திறந்து வைத்து, காற்றாடி ஓடவிட்டு.) எச்.டி.பி.இ. சுமார் 130 டிகிரியிலேயே இளகிவிடும், பி.பி.க்கு 160 தாண்ட வேண்டும். பெட் பாட்டிலை இங்கே தொடுவதில்லை. அதற்கு 250 டிகிரி வேண்டும், துளி ஈரம் இருந்தாலும் உருகும்போது நொறுங்கும் தன்மை வந்துவிடும். 3 என்று போட்ட பி.வி.சி. வாசலுக்குள்ளேயே வரக்கூடாது. சூடானால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு கிளம்பும்.

வெள்ளைச் சில்லு கொஞ்சம் குறைந்தது. எண் இல்லாத வாளியிலிருந்து இரண்டு கை அள்ளித் துருவிச் சேர்த்தேன். தண்ணீரில் போட்டுப் பார்த்தேன், எல்லாம் மிதந்தது. சரி, எச்.டி.பி.இ.தான் என்று முடிவு செய்துகொண்டேன்.

ஜூன் 17

பலகை பார்க்க அவ்வளவு அழகு. நீலத்தில் வெள்ளை மேகம் போல. ரம்பத்தை வைத்து நான்கு இழுப்பு இழுத்ததும் வெள்ளையும் நீலமும் சேரும் இடத்தில் ஏடு ஏடாகப் பிரிந்தது. கையால் வளைத்தேன், டப்பென்று உடைந்துவிட்டது. உடைந்த முகத்தைத் தடவிப் பார்த்தால் வழவழப்பு. இரண்டும் ஒன்றோடொன்று கலக்கவே இல்லை, பக்கத்தில் பக்கத்தில் படுத்திருந்திருக்கின்றன.

நான் போட்ட வெள்ளை மூடிகள் பி.பி. தண்ணீரின் அடர்த்தி 1 என்றால் எச்.டி.பி.இ.யின் அடர்த்தி 0.95 அளவு, பி.பி. 0.90. இரண்டுமே தண்ணீரைவிட லேசு, இரண்டுமே மிதக்கும். தண்ணீர்ச் சோதனை பெட்டையும் பி.வி.சி.யையும் மூழ்கடித்துக் காட்டிக் கொடுக்கும், இந்த இரண்டையும் பிரித்துக் காட்டாது. அக்கா கோபப்படவில்லை. உடைந்த துண்டுகளை "கலவை" என்று எழுதிய பெட்டியில் போட்டார். அந்தப் பெட்டியில் இருப்பதை இனி சுத்தமாகப் பிரிக்க வழியில்லை. அதுதான் மனதை அரிக்கிறது: குப்பையாகவாவது பிரிந்து இருந்ததை நான் ஒட்டவைத்துவிட்டேன்.

ஜூன் 21

ஒரு கண்ணாடிப் புட்டியில் தண்ணீரோடு ஆல்கஹால் கலந்து, அடர்த்தியை 0.93க்குக் கொண்டுவந்தோம். எண் இல்லாத வாளியிலிருந்து ஒவ்வொரு மூடியிலும் ஒரு சீவல் வெட்டி உள்ளே போட்டேன். பி.பி. மேலே நின்றது. எச்.டி.பி.இ. தயங்கித் தயங்கி இறங்கி அடியில் உட்கார்ந்தது. மதியம் முழுக்க இதையே செய்துகொண்டிருந்தேன். இடுக்கியின் நுனியில் ஒட்டிய காற்றுக்குமிழி ஒன்று சீவலை மேலே இழுத்து ஏமாற்றியது, தட்டிவிட்டதும் மூழ்கியது.

ஜூன் 29

இரண்டாம் பலகை. இந்த முறை வெறும் 2. வந்த ஒருவர் சாவிக்கொத்து, பொம்மை எல்லாம் செய்து கொடுக்கலாமே என்றார். எனக்கு அதில் விருப்பமில்லை. 2015 வரை உலகம் செய்த பிளாஸ்டிக் 830 கோடி டன். குப்பையானதில் 9 சதவீதம்தான் மறுசுழற்சிக்குப் போனது. இத்தனை கை உழைப்பும் ஒரு மாதத்தில் திரும்பக் குப்பைக்குப் போகிற பொருளில் இறங்கக்கூடாது. நான் செய்வது முக்காலி.

அழுத்தம் விடாமல் இரவு முழுக்க ஆறவிட்டிருக்கிறோம். ஆறும்போது நூற்றுக்கு 2, 3 பங்கு சுருங்கும், பாதியில் திருகை விட்டால் முறுக்கிக்கொள்ளும்.

ஜூலை 6

அறுத்தேன், பிரியவில்லை. ஓரத்தில் பிதுங்கியதைக் கத்தியால் சீவி, சீவலையும் 2 வாளியிலேயே போட்டேன். கால்களைப் பசை இல்லாமல் திருகாணியால் மாட்டினேன், நாளை கழற்ற வேண்டுமென்றால் கழற்றலாம். அக்கா ஏறி நின்று பார்த்தார்.

கடைசியாக முக்காலியைக் கவிழ்த்து, எண் பொறிக்கும் இரும்பு அச்சை லேசாகச் சூடாக்கி, இருக்கையின் அடியில் அழுத்தினேன். ஒரு முக்கோணம், அதற்குள் 2.