கொடிக்கயிற்றில் ஒரு குட்டிச் சிலந்தி

சின்னஞ்சிறு பொருள்களைக் கிட்டத்தில் படமெடுக்க, போனில் மாட்டுகிற மேக்ரோ லென்ஸ் வாங்கியதிலிருந்து வீட்டில் எனக்குக் கெட்ட பெயர். துணி காயப்போடப் போனால் கொடிக்கயிற்றுப் பக்கமே நின்றுவிடுகிறேன்.

அங்கே குதிக்கும் சிலந்தி ஒன்று குடியிருக்கிறது. ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. மொத்தம் 8 கண்கள்; முன்னால் இருக்கிற இரண்டும் கார் ஹெட்லைட் மாதிரி. லென்ஸைக் கிட்டே கொண்டுபோனால் ஓடுவதில்லை, திரும்பி நம்மையே பார்க்கிறது! வலை பின்னிக் காத்திருக்கிற ரகம் இல்லை இது. பதுங்கி, பாய்ந்து பிடிக்கும். பாயும் முன் ஒரு இழையை ஒட்டிவைத்துக்கொள்ளும்; குறி தவறினாலும் தொங்கிக்கொள்ளலாம். விவரமான ஆள்.

இவ்வளவு கிட்டத்தில் ஃபோகஸ் கிடைப்பது சில மில்லிமீட்டருக்குத்தான். மூச்சு விட்டாலே படம் மங்கிவிடும். முழங்கையைச் சுவரில் ஊன்றி, வரிசையாக எடுத்துத் தள்ளி, ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வேன். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். காலைச் சாய்வெயிலில் அதன் முகத்து ரோமம்கூடத் தெரிகிறது.

"அப்படி என்னத்தப்பா பாக்குற?" என்று கேட்ட பக்கத்து வீட்டு அக்காவுக்குப் படத்தைக் காட்டினேன். அப்புறம் அவரும் தன் மாடியில் தேட ஆரம்பித்துவிட்டார். சிலந்தி இன்னும் சிக்கவில்லை. நேற்று ஒரு பல்லியின் படம் அனுப்பியிருந்தார். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே எடுத்திருக்கிறார்.