ஸ்டென்ட் வைத்த பிறகும் மாத்திரை எதற்கு?

இதயத் தமனியில் ஸ்டென்ட் (அடைப்பைத் திறந்த இடத்தைத் தாங்கிப் பிடிக்கும் கம்பி வலைக் குழாய்) வைத்து வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் அப்பா கேட்டார், "அடைப்பைத்தான் சரி பண்ணிட்டாங்களே, அப்புறம் இந்த ரெண்டு மாத்திரையை எதுக்கு மாசக்கணக்குல சாப்பிடணும்?" ரத்தம் உறையாமல் இருக்கப்பா என்று சொல்லி வைத்தேன். ஆனால் நன்றாகத் திறந்துவிட்ட குழாயில் ரத்தம் எதற்காக உறைய வேண்டும்? இந்தக் கேள்வி என்னை விடவில்லை. பதில் தேடிப் போனதில் கருவுக்குள் ரத்தக்குழாய்கள் உருவாகும் இடத்தில் போய் நின்றேன், அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ரத்தக்குழாயின் உள்பக்கம் முழுக்க ஒரே ஒரு செல் தடிமனில் ஒரு விரிப்பு இருக்கிறது. எண்டோதீலியம் என்று பெயர். வெறும் பூச்சு என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 1980இல் ராபர்ட் ஃபர்ச்காட் முயலின் தமனித் துண்டுகளில் சோதனை செய்தபோது, இந்த விரிப்பு சேதமில்லாமல் இருந்தால் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் பட்டதும் தமனி தளர்வதையும், விரிப்பைத் தேய்த்து எடுத்துவிட்டால் தளராமல் இருப்பதையும் காட்டினார். விரிப்பிலிருந்து தசைக்குப் போகும் அந்தச் செய்தி நைட்ரிக் ஆக்சைடு என்ற எளிய வாயு என்பது பிறகு தெரிந்தது, 1998இல் ஃபர்ச்காட்டுக்கும் வேறு இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அதே வாயு, ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்களை ஒட்டவிடாமல் தள்ளி வைக்கிறது, அடியில் இருக்கும் மென்தசைச் செல்களையும் பெருகாமல் அடக்கி வைக்கிறது. "எல்லாம் நலம், சும்மா இரு" என்று அந்த விரிப்பு ராப்பகலாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டென்ட் வைப்பதற்காகப் பலூனை விரித்து அடைப்பைத் திறக்கும்போது அந்த விரிப்பும் சேர்ந்து கிழிகிறது. வேறு வழியில்லை. குழாய் திறந்துவிட்டது, ஆனால் உள்ளே அது ஒரு புண். தட்டணுக்கள் ஓடி வந்து ஒட்டிக்கொள்கின்றன, ஒட்டியதும் தங்களுக்குள் பொதிந்து வைத்திருந்த புரதங்களைக் கொட்டுகின்றன. அதில் ஒன்று பிடிஜிஎஃப், தட்டணுக்களிலிருந்து வரும் வளர்ச்சிக் காரணி. அதுவரை சுருங்கி விரியும் வேலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த மென்தசைச் செல்கள் இது வந்து தங்கள் ஏற்பியில் (செல்லின் மேல் செய்தியை வாங்கிக்கொள்ளும் புரதம்) பட்டதும் குணம் மாறிப் பெருகுகின்றன, உள்பக்கம் நோக்கி நகர்கின்றன. ஆண்ட்ரியாஸ் க்ரூன்ட்சிக் 1977இல் முதன்முதலாக இதயத் தமனியில் பலூன் சிகிச்சை செய்தார். அதன் பின் வந்த ஆண்டுகளில், பலூன் மட்டும் போட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அதே இடம் சில மாதங்களில் மறுபடி குறுகியது. அதற்கு ஒரு பெரிய காரணம் இந்தச் செல்கள்தான்.

கெட்ட செல்கள் என்று நானும் முதலில் நினைத்தேன். கருவைப் பற்றிப் படித்த பிறகு அப்படிச் சொல்ல மனசு வரவில்லை.

கருவில் ஒரு திசுவுக்கு ஆக்சிஜன் போதவில்லை என்றால் அது விஇஜிஎஃப் என்ற புரதத்தை வெளிவிடுகிறது. அதன் வாடை பட்ட எண்டோதீலியச் செல்களில் ஒன்று முன்னால் வந்து, விரல் போன்ற நீட்சிகளை நீட்டித் துழாவிக்கொண்டே அந்தத் திசைக்கு நகர்கிறது. எல்லாச் செல்களும் கிளம்பிவிட்டால் குழாய் என்று ஒன்று இருக்காது, அதனால் முன்னால் போகிற செல் பக்கத்துச் செல்லை நாட்ச் என்ற ஏற்பி வழியாகத் தொட்டு, நீ பின்னால் வா என்று நிறுத்திவிடுகிறது. இந்த விஇஜிஎஃப் விஷயத்தில் அளவுதான் எல்லாம். 1996இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியாகக் காட்டியது இது: எலிக் கருவில் இந்தப் புரதத்தைச் செய்யும் மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று மட்டும் இல்லாமல் போனாலே கரு பிழைப்பதில்லை. பாதி அளவு இருந்தும் போதவில்லை! இதைப் படித்த அன்றைக்கு வேறெதுவும் படிக்க ஓடவில்லை.

சரி, புதுக் குழாய் முளைத்தாயிற்று. ஆனால் ஒற்றைச் செல் சுவர் கசியும், உடையும். அப்போது முளைக்கும் முனையில் இருக்கும் செல்கள் பிடிஜிஎஃப்பை வெளிவிடுகின்றன. ஆமாம், அதே குடும்பத்துப் புரதம். அதைக் கேட்டு, மென்தசைச் செல்களும் அவற்றின் உறவான சுவர்ச் செல்களும் வந்து குழாயைச் சுற்றி அணைத்துக்கொள்கின்றன. அணைத்துக்கொண்டதும் ஆஞ்சியோபொய்ட்டின்-1 என்ற இன்னொரு புரதத்தைத் தருகின்றன, அதை வாங்கிக்கொண்டு எண்டோதீலியம் இறுகி அமைதியாகிறது. அழைத்தவர் அமைதியானதும் வந்தவர்களும் வேலையை நிறுத்துகிறார்கள்.

அப்பாவின் தமனியிலும் அந்தத் தசைச் செல்கள் தெரிந்த பாஷையில் கூப்பிட்ட குரலுக்குத்தான் போயின. "போதும்" என்று சொல்ல வேண்டிய விரிப்பு அங்கே கிழிந்து கிடந்தது, அதுதான் வித்தியாசம்.

இதற்காகத்தான் மருந்து பூசிய ஸ்டென்ட் வந்தது. ஈஸ்டர் தீவின் மண்ணிலிருந்து எடுத்த ஒரு பாக்டீரியா தந்த சிரோலிமஸ் அப்படிப் பூசப்பட்ட முதல் மருந்துகளில் ஒன்று, செல் பெருகுவதை அது தடுக்கிறது. மறுபடி குறுகுவது வெகுவாகக் குறைந்தது. ஆனால் அந்த மருந்துக்குத் தசைச் செல், எண்டோதீலியச் செல் என்ற பேதம் தெரியாது. புண்ணை மூட வேண்டிய விரிப்பும் மெதுவாகத்தான் வளர்கிறது. அதுவரை ஸ்டென்டின் உலோகக் கம்பி நேராக ரத்தத்தில் நனைந்துகொண்டிருக்கிறது, அதன்மேல் ரத்தம் கட்டியாக உறைந்தால் நிமிடங்களில் மாரடைப்பு. அந்த விரிப்பு செய்யவேண்டிய காவலில் ஒரு பகுதியைத்தான் இரண்டு மாத்திரைகளும் இப்போது செய்கின்றன. நன்றாக இருக்கிறதே என்று யாரும் தாங்களாக நிறுத்திவிடாதீர்கள், எத்தனை மாதம் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

அப்பாவிடம் இதை ஒரு தாளில் படம் போட்டுச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டுத் தாளை மடித்து மாத்திரை டப்பாவுக்குள் வைத்துக்கொண்டார். இப்போது ராத்திரி டப்பாவைத் திறக்கும்போதெல்லாம், "உள்ள தோல் மூடியிருக்குமா இந்நேரம்?" என்று கேட்கிறார்.