கூரை ஒழுகிய ஷாத்தோவைத் திறப்பதற்குள்: முதலில் காகிதம், பிறகுதான் கல்

பழைய கட்டடங்களை மக்களுக்குத் திறந்துவிடும் செப்டம்பர் மரபு நாட்களில் ஒருவழியாகக் கதவைத் திறந்துவிட்டோம். பிரான்ஸில் ஆன்ஜூ பக்கம் என் கணவர் குடும்பத்துக்கு வந்த ஷாத்தோ, அதாவது பழைய மாளிகை, இது. பல வருடம் பூட்டிக் கிடந்தது. இப்படி ஒன்றைப் பழுதுபார்த்துப் பார்வையாளருக்குத் திறக்கும் வேலையில் இறங்கப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

எங்களுடையது வரலாற்றுச் சின்னங்களில் ‘இன்ஸ்க்ரி’ (பதிவு பெற்றது) வகை. அதற்கு மேல்நிலையான ‘கிளாஸே’ என்றால் வழியே வேறு. இன்ஸ்க்ரிக்கு மேரியில் (ஊராட்சி அலுவலகம்) கட்டட அனுமதி மனு போட வேண்டும், திராக் எனப்படும் அரசின் வட்டாரப் பண்பாட்டு அலுவலகத்தின் ஒப்புதல் வேண்டும், முடிவு வர 5 மாதம் ஆகும். மேரியில் இருந்த அம்மா காகிதக் கட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, எல்லாம் சரி என்று முத்திரை குத்தினார். நிம்மதியாக வந்தோம். ஒரு மாதம் முடிகிற தறுவாயில் பதிவுத் தபால் வருகிறது: எட்டாம் எண் தாள் இல்லையாம். அதாவது தூரத்திலிருந்து சுற்றுப்புறத்தோடு கட்டடம் தெரியும் புகைப்படம். கொடுத்திருந்தோம்! அதையும் கிட்டத்துப் படங்களோடு ஏழாம் எண்ணில் சேர்த்து மேரியில் கட்டிவிட்டார்கள். மனு முழுமையான நாளிலிருந்துதான் 5 மாதக் கணக்கு ஓடும் என்பதால், அந்த மாதம் போனது போனதுதான். மேற்குக் கூரை ஒழுகிக்கொண்டே இருந்தது. தார்ப்பாய் போட்டுச் சமாளித்தோம். ஒவ்வொரு தாளின் எண்ணையும் எழுதிய பட்டியல் ஒன்றைக் கொண்டுபோய், அதன் மேலேயே முத்திரை வாங்குங்கள். வெறும் ரசீதை நம்பாதீர்கள்.

காத்திருக்கும்போது மேஸ்திரி, சாரத்தையாவது இப்போதே கட்டிவிடலாமே என்பார். மானியம் கேட்டிருந்தால் அசையாதீர்கள். மானிய மனு முழுமை என்று கடிதம் வருமுன் மதிப்பீட்டுத் தாளில் கையெழுத்துப் போட்டாலே வேலை தொடங்கிவிட்டதாகக் கணக்கு, மானியம் கைநழுவிவிடும்.

பரணில் வௌவால்கள் குட்டி போட்டிருந்ததால் கோடையில் கூரையைத் தொட முடியவில்லை. பிரான்ஸில் எல்லா வௌவால் இனமும் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை. வேலையை இலையுதிர் காலத்துக்குத் தள்ளினோம். கூரை மேயும் ஆளின் நாள் தவறி, அவரை மறுபடி பிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. வாங்கிய உடனே, வேறு எதற்கும் முன்னால், பரணைப் பார்த்துவிடுங்கள். கூரை மேயும் கல்லான ஸ்லேட் பற்றி ஒரு வார்த்தை: ஊர்ப் பெருமைக்குப் பெயர்போன திரேலாசே ஸ்லேட் சுரங்கம் 2013-லேயே மூடியாயிற்று. இப்போது பெரும்பாலும் ஸ்பெயின் சரக்குதான். அதற்காக மனம் நோகத் தேவையில்லை.

என்னை உண்மையிலேயே அழவைத்தது சுவர். இந்தப் பக்கத்துத் துஃபோ கல் வெள்ளையாக, மென்மையாக இருக்கும். ஈரத்தை இழுத்துத் தானே வெளியே விட்டுவிடும். எந்தக் காலத்திலோ யாரோ இடுக்குகளில் சிமெண்ட் பூசியிருந்தார்கள். ஈரம் வெளியேற வழியில்லாமல் கல்லுக்குள்ளேயே தங்கிவிட்டது. கொத்தனார் சிமெண்டைப் பெயர்த்தபோது, பின்னால் இருந்த கல் விரல் பட்டாலே மாவாக உதிர்ந்தது. எழுபது எண்பது தலைமுறை நிற்க வேண்டிய கல் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இப்படிச் சாக வேண்டிய கல் இல்லை. சுண்ணாம்புக் காரையில் கை பழகிய ஆளைத் தேடிப் பிடியுங்கள். சிமெண்டே போதும் என்கிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

பார்வையாளர் வரும் இடம் என்றதும் தீப் பாதுகாப்பு, 2005 சட்டப்படி மாற்றுத்திறனாளிகளுக்கான வழி என்று இன்னொரு காகிதக் கட்டு. எங்கள் சுழல்படி குறுகல். அதை இடித்து லிஃப்ட் வைப்பதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. மரபுக் கட்டடத்தைக் காப்பதற்காக விலக்கு கேட்கச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. அரசின் மரபுக் கட்டடக் கலைஞரைப் பயத்தோடுதான் அழைத்தோம். அவர் படியில் உட்கார்ந்து கல்லைத் தடவிப் பார்த்தார். இதை யாரும் தொடக்கூடாது என்று சொல்லி, எங்களுக்கு ஆதரவாகக் கருத்து எழுதிக் கொடுத்தார். எல்லாரும் பூதமாகக் காட்டிய ஆள்தான் கடைசியில் எங்கள் பக்கம் நின்றார். தரைத்தளத்துக்குச் சாய்தளம் போட்டு, மாடி அறைகளைக் கீழேயே படமாகக் காட்டுகிறோம். விலக்கும் கிடைத்தது.

வரிச்சலுகைக்கு வருடத்தில் 50 நாள் திறக்க வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை அதில் 25 விடுமுறை நாட்கள் வர வேண்டும். இல்லையென்றால் ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பரில் 40 நாள். நாங்கள் கோடையை எடுத்துக்கொண்டோம். மற்ற மாதங்களில் கொத்தனாருக்குச் சுவர் தேவைப்படுகிறது.